காயம்பட்டவரின் மூச்சுப்பாதையைக் காப்பது: களத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நினைவிழந்த ஒருவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் தாடைத் தசைகள் தளர்ந்துவிடும். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். வாயில் ரத்தமோ வாந்தியோ இருந்தால் அதுவும் அங்கேயே போய்த் தேங்கும். சில நிமிடங்கள் இப்படியே போனால் மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போய்விடும். காயம் காலில் மட்டும் இருந்தாலும் உயிர் தொண்டையில் போகலாம்.

இதைத் தடுக்கப் பெரும்பாலான நேரம் இரண்டு கைகளும் ஒரு உறிஞ்சும் கருவியும் போதும். புதிதாக வருபவர்கள் பலர் மூச்சுப்பாதை என்றாலே தொண்டைக்குள் ட்யூப் போடுவது என்று நினைக்கிறார்கள். உங்கள் வேலை பாதையைத் திறந்து, அது திறந்தே இருக்கும்படி பார்த்துக்கொள்வது. அதற்கு ட்யூப் தேவைப்படும் ஆட்கள் குறைவு. தாடையைத் தூக்கத் தெரியாதவர் கையில் ட்யூப் இருந்தும் பயனில்லை. அதனால் எளிய வேலைகளைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். இதைப் படித்தால் மட்டும் போதாது. பயிற்சிப் பொம்மையின் மேலும், பிறகு அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்க நோயாளியிடமும் செய்து பழக வேண்டும்.

முதலில் ரத்தம், அப்புறம் மூச்சு

1950-களில் மருத்துவர் பீட்டர் சஃபார் வகுத்த ஏ-பி-சி (மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம்) வரிசையில் மூச்சுப்பாதைதான் முதலில் வரும். போர்க்களக் காயங்களுக்கு அந்த வரிசை இன்று மாறிவிட்டது. 'மார்ச்' என்ற சுருக்கப் பெயரில் சொல்லப்படும் ராணுவ வரிசையில் முதல் இடம் பீறிடும் ரத்தத்துக்கு. அதன் பிறகே மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், உடல் குளிர்தலும் தலைக்காயமும்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் உண்டு. 2001 முதல் 2011 வரை களத்தில் இறந்த 4,596 அமெரிக்கப் படையினரின் மரணங்களை ஆராய்ந்தார்கள். மருத்துவ நிலையத்தை அடையும் முன்பே இறந்தவர்களில், காப்பாற்ற வாய்ப்பிருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது சுமார் 91 சதவீதம் ரத்தப்போக்கால் இறந்திருந்தார்கள். மூச்சுப்பாதை அடைப்பால் இறந்தவர்கள் 8 சதவீதம். தொடைத் தமனி அறுந்தவர் ஓரிரு நிமிடங்களில் போய்விடலாம். ரத்தத்தை நிறுத்தக் கை காலை இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிக்கே கட்ட ஒரு நிமிடம் போதும். ஆகவே முதலில் அதைக் கட்டிவிட்டு மூச்சுக்கு வாருங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவர் ரத்தத்தைப் பார்க்கட்டும், நீங்கள் தலைமாட்டுக்குப் போங்கள்.

குண்டு பாய்ந்துகொண்டிருக்கும் இடத்தில் மூச்சுப்பாதை வேலையே கிடையாது. மறைவிடத்துக்கு இழுத்துச் சென்ற பிறகுதான் அது. எரியும் வண்டிக்கும் இடியும் கட்டடத்துக்கும் இதே விதி. நீங்களும் விழுந்துவிட்டால் அங்கே இரண்டு நோயாளிகள் ஆகிவிடும்.

பேச வையுங்கள், கேளுங்கள்

பெயரைக் கேளுங்கள். தெளிவான குரலில் பதில் வந்தால், இந்த நொடியில் பாதை திறந்திருக்கிறது, காற்று போய் வருகிறது, மூளைக்கு ரத்தம் எட்டுகிறது. ஒரே கேள்வியில் மூன்றும் தெரிந்துவிடும். 'இந்த நொடியில்' என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பதில் வரவில்லை என்றால் முகத்தருகே காதை வைத்து, மார்பைப் பார்த்தபடி பத்து நொடி கவனியுங்கள். குறட்டை கேட்டால் நாக்கு சரிந்திருக்கிறது. களகளவென்று சத்தம் வந்தால் உள்ளே திரவம். மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற கூர்மையான ஒலி வந்தால் குரல்வளைப் பகுதி குறுகுகிறது. இது அவசரத்திலும் அவசரம். எல்லாவற்றையும் விட மோசம் நிசப்தம். மார்பு அசைந்தும் காற்றின் சத்தம் இல்லையென்றால் பாதை முழுக்க அடைபட்டுவிட்டது. மார்பு உள்ளே போகும்போது வயிறு மேலே எழும்பி, இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கினாலும் அடைப்பு என்றே அர்த்தம்.

கையைத் தட்டிவிட்டு, மாஸ்கைப் பிடுங்கி எறிந்து ரகளை செய்பவரைக் குடிகாரர் என்றோ வலி தாங்காதவர் என்றோ ஒதுக்கிவிடாதீர்கள். ஆக்சிஜன் குறைந்த மூளையும் அப்படித்தான் நடந்துகொள்ளும். அவரை மருந்து போட்டு அடக்குவதற்கு முன் மூச்சைப் பாருங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை முழுக்க நம்ப வேண்டாம். அது உண்மைக்குப் பின்னால்தான் வரும். அடைப்பு தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நல்ல எண்ணையே காட்டும். கை குளிர்ந்து, ரத்தம் குறைந்தவரிடம் எண்ணே காட்டாமலும் போகலாம். உதடு நீலமாவதற்குக் காத்திருப்பதும் தவறு. அதிக ரத்தம் இழந்தவரிடம் நீலம் தெரியாமலேயே போகலாம்.

உட்கார விரும்புபவரைப் படுக்க வைக்காதீர்கள்

இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே சில உயிர்கள் மிஞ்சும். முகத்தில் குண்டடி பட்டவர், தாடை நொறுங்கியவர், வாயில் ரத்தம் கொட்டுபவர் நினைவோடு இருந்தால் தானாகவே எழுந்து உட்கார்ந்து முன்னால் குனிவார். ரத்தம் வெளியே வழியும், நாக்கு முன்னால் விழும், மூச்சு வரும். பார்க்கக் கோரமாக இருக்கும். அவருடைய உடல் சரியான வழியைக் கண்டுபிடித்திருக்கிறது என்பதே விஷயம்.

அந்த நேரத்தில் 'படுங்கள், படுங்கள்' என்று தோளைப் பிடித்து அழுத்தி, கழுத்துக்குக் காலர் மாட்டி, பலகையில் கட்டுவது கொடுமை. கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உடைந்திருந்தால் நாக்கைப் பிடித்து நிறுத்தும் எலும்பே இல்லை. மல்லாக்கப் படுத்த உடனே அடைத்துக்கொள்ளும். எந்த நிலையில் அவருக்கு மூச்சு எளிதாக இருக்கிறதோ அதே நிலையில் விடுங்கள். ஸ்ட்ரெச்சரிலும் உட்கார வைத்தோ, பக்கவாட்டில் சாய்த்தோ கொண்டுபோங்கள். கழுத்தெலும்பில் சந்தேகம் இருந்தால் ஒருவர் கையால் தலையைத் தாங்கிக்கொள்ளட்டும். அசைந்தால் கழுத்துக்கு ஆபத்து வரலாம் என்பது ஒரு வாய்ப்பு. மூச்சு நின்றால் சாவு என்பது நிச்சயம்.

தாடையைத் தூக்குவது

நினைவில்லாதவருக்கு முதல் வேலை இதுதான். தலைமாட்டில் மண்டியிட்டு உட்காருங்கள். முழங்கைகள் தரையில் ஊன்றியிருந்தால் கை சோராது. காதுமடலுக்குக் கீழே, கீழ்த்தாடை எலும்பு வளையும் மூலையை இரண்டு பக்கமும் தேடுங்கள். அந்த மூலைக்குப் பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, கட்டைவிரல்களைக் கன்னத்து எலும்பின் மேல் ஊன்றி, தாடையை வானத்தை நோக்கித் தள்ளுங்கள். கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். பிறகு கட்டைவிரலால் வாயைக் கொஞ்சம் திறந்து பிடியுங்கள். தாடையோடு சேர்ந்து நாக்கும் முன்னால் வந்துவிடும். எதிர்பார்ப்பதை விட அதிக பலம் வேண்டும், கை வலிக்கும். வலிக்கவில்லை என்றால் போதிய அளவு தள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துணைச் செய்தி: இந்த முறைக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிரஷ்ய ராணுவ அறுவை மருத்துவர் எஸ்மார்க்கின் பெயரும் உண்டு. இத்தனை கருவிகள் வந்த பிறகும் இது காலாவதி ஆகவில்லை.

கழுத்தில் அடிபட்டிருக்க வாய்ப்பில்லை என்றால் இன்னும் எளிது: நெற்றியில் ஒரு கை, தாடை எலும்பின் கீழ் இரண்டு விரல், தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்துங்கள். தாடைக்குக் கீழே உள்ள மெத்தென்ற சதையை அழுத்தினால் நாக்கு மேலே போய் அடைக்கும், விரல் எலும்பின் மேல்தான் இருக்க வேண்டும். கழுத்தில் சந்தேகம் இருந்து, தாடையை மட்டும் தூக்கிப் பாதை திறக்கவில்லை என்றால், திறக்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைச் சாய்க்கலாம். சாய்க்கத்தான் வேண்டும்.

குழந்தைகளுக்குப் பின்மண்டை பெரிது, மல்லாந்து கிடந்தாலே கழுத்து முன்னால் மடங்கிவிடும். தோளுக்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். கைக்குழந்தையின் தலையைப் பின்னால் சாய்க்காமல் நேராக வைத்தாலே போதும்.

வாயைச் சுத்தம் செய்வது

திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் பல், சதைத் துண்டு, மண் இருந்தால் எடுங்கள். தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுவீர்கள், கடிபடவும் கூடும். ஆடும் பொய்ப்பல்லைக் கழற்றுங்கள். உறுதியாக இருப்பதை விட்டுவிடுங்கள், மாஸ்க் பிடிக்கும்போது கன்னத்துக்கு அது தாங்கல். பல் குறைகிறது, கீழேயும் கிடக்கவில்லை என்றால் அது நுரையீரலுக்குப் போயிருக்கலாம். மருத்துவமனையில் மறக்காமல் சொல்ல வேண்டிய தகவல் இது.

உறிஞ்சுவதற்குக் கெட்டியான, அகன்ற குழல்தான் நல்லது. மெல்லிய ரப்பர் குழல் ரத்தக்கட்டிக்கு ஈடுகொடுக்காது. குழலின் நுனி உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஆழம் வரைதான் போக வேண்டும். வெளியே இழுத்துக்கொண்டே உறிஞ்சுங்கள், ஒரு தடவைக்கு 10 முதல் 15 நொடிக்கு மேல் வேண்டாம். அந்த நேரம் முழுக்க அவருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. வாந்தி வெள்ளமாக வந்தால் எந்த உறிஞ்சியும் போதாது. தலை, கழுத்து, உடல் மூன்றையும் சேர்த்து ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் புரட்டுங்கள், புவியீர்ப்பே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

தானாக மூச்சு விடுகிறார், ஆனால் நினைவில்லை, நீங்கள் இன்னொருவரைக் கவனிக்கப் போக வேண்டும் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உங்கள் பக்கமுள்ள கையை மேலே மடித்து, எதிர்ப்பக்கக் கையின் பின்புறத்தைக் கன்னத்தில் சேர்த்துப் பிடித்து, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி உங்களை நோக்கிப் புரட்டுங்கள். கடைசியில் வாய் தரையைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஏர்வே: வாய் வழியா, மூக்கு வழியா?

ஏர்வே என்பது நாக்கு சரிந்து அடைக்காதபடி செருகும் குழல். வாய் வழியே போடும் வளைந்த ஏர்வே 1930-களில் மருத்துவர் ஆர்தர் கெடெல் கொண்டுவந்தது. முன்பற்களிலிருந்து தாடை மூலை வரை வைத்து அளவு பாருங்கள். சிறியதாக இருந்தால் நாக்கையே உள்ளே தள்ளும், பெரியதாக இருந்தால் குரல்வளையை அடைக்கும். பெரியவர்களுக்கு வளைவு அண்ணத்தைப் பார்க்கும்படி தலைகீழாக நுழைத்து, பாதி வழியில் திருப்புங்கள். குழந்தைகளுக்குத் திருப்பும் வேலை வேண்டாம், நாக்கை ஒரு பட்டையால் அழுத்தி நேராகவே வையுங்கள். போடும்போது குமட்டினால் உடனே எடுத்துவிடுங்கள். குமட்டுபவருக்கு அது தேவையில்லை, வாந்தி வரவழைத்துப் பாதகம்தான் செய்யும்.

அரைமயக்கத்தில் இருப்பவருக்கும், பல்லை இறுகக் கடித்திருப்பவருக்கும் மூக்கு வழிக் குழல் ஏற்றது. மூக்கு நுனியிலிருந்து காதுமடல் வரை அளவு. ஜெல் தடவி, சரிவாக வெட்டிய முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்கும்படி நுழையுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுவது: மூக்குத் துவாரம் மேலே போவதாக நினைத்து மேல்நோக்கித் தள்ளுகிறார்கள். பாதை முகத்துக்குச் செங்குத்தாக, பின்மண்டையை நோக்கிப் போகிறது. மல்லாந்து கிடப்பவருக்கு என்றால் நேராகத் தரையை நோக்கி. தடுத்தால் மெல்லத் திருகிப் பாருங்கள், அப்போதும் போகவில்லை என்றால் அடுத்த துவாரம். பலவந்தம் கூடாது, மூக்கில் ரத்தம் கொட்டினால் புதிய அடைப்பை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். மூக்கு, காதிலிருந்து தெளிந்த நீர் வடிந்தாலோ, கண்ணைச் சுற்றிக் கருநீலம் படர்ந்தாலோ மண்டையோட்டின் அடித்தளம் உடைந்திருக்கலாம், அப்போது மூக்கு வழியைத் தவிர்ப்பது நல்லது.

ஏர்வே போட்டாலும் தாடையைத் தாங்க ஆள் வேண்டும். பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிட்டு எழுந்து போய்விட முடியாது.

ஆம்பு பேக்

மாஸ்க் வழியாகக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் பை இது. மூச்சு நின்றவருக்கும், போதாமல் விடுபவருக்கும் உரியது. டென்மார்க்கில் 1956-ல் வந்த இந்தப் பை தானாக விரியும், மின்சாரமோ சிலிண்டரோ இல்லாமலும் வேலை செய்யும். ஆக்சிஜன் இருந்தால் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் திறந்து, சேமிப்புப் பையையும் மாட்டிக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் முறை: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்கின் மேல் பிறை வடிவில், மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பின் கீழ். மாஸ்கை முகத்தில் அழுத்தாதீர்கள், முகத்தை மாஸ்குக்குள் தூக்குங்கள். ஒரு கையால் மாஸ்க், மறு கையால் பை என்பது படத்தில் அழகாக இருக்கும். நிஜத்தில் காற்று ஒழுகும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரு கையாலும் மாஸ்கைப் பிடிக்கட்டும், மற்றவர் பையை அமுக்கட்டும். அனுபவமுள்ளவர் பிடிக்க வேண்டும், புதியவர் அமுக்க வேண்டும். பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

எவ்வளவு? மார்பு எழும்பத் தொடங்கினால் போதும், அங்கே நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு 500 முதல் 600 மில்லி. பையின் கொள்ளளவு சுமார் ஒன்றரை லிட்டர், மூன்றில் ஒரு பங்கு அமுக்கினால் சரி. எத்தனை தடவை? ஆறு நொடிக்கு ஒன்று, நிமிடத்துக்குப் பத்து. பதற்றத்தில் கை தானாக வேகமெடுக்கும், வாய்விட்டு எண்ணுங்கள். வேகமாக அமுக்கினால் மார்புக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். ஏற்கெனவே ரத்தம் இழந்தவருக்கு அதுவே நாடித்துடிப்பை நிறுத்திவிடலாம். தலைக்காயக்காரருக்கு கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறி, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். மிச்சக் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தியைக் கிளப்பும்.

மார்பு எழும்பவில்லையா? தாடையை மறுபடி தூக்குங்கள், வாயைப் பாருங்கள், ஏர்வே போடுங்கள், மாஸ்க் அளவை மாற்றுங்கள். தாடி இருந்தால் அதன் மேல் ஜெல் தடவினால் ஒட்டும். பை அமுக்கக் கடினமாகி, ஒரு பக்க மார்பு மட்டும் எழும்பாமல், ரத்த அழுத்தம் சரிந்தால் கோளாறு தொண்டையில் இல்லை. மார்புக்குள் காற்று அடைந்து நுரையீரலை நசுக்குகிறது, உடனே பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த படிகள்

குரல்வளைக்கு மேலே அமரும் ஐ-ஜெல், எல்எம்ஏ போன்ற சாதனங்களை ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் போடலாம். உடல் எடையைப் பார்த்து அளவு: ஐ-ஜெல் என்றால் 30 முதல் 60 கிலோவுக்கு 3, 50 முதல் 90 கிலோவுக்கு 4, அதற்கு மேல் 5. முகம் நொறுங்கியவருக்கும் தொண்டை வீங்கியவருக்கும் இவை சரியாக உட்காராது.

இன்டியூபேஷனில், அதாவது மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடுவதில், உங்கள் பங்கு உதவியாளர் வேலை. உறிஞ்சியை ஓடவிட்டுத் தலையணைப் பக்கம் வையுங்கள். மூன்று நிமிடமாவது முழு ஆக்சிஜன் கொடுங்கள். ரத்த அழுத்தத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் ரத்தம் இழந்தவருக்கு மயக்க மருந்து போனதும் அழுத்தம் விழலாம், முதலில் ரத்தமோ திரவமோ ஏற்ற வேண்டியிருக்கும். ட்யூப் போன பிறகு, வெளிவரும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபி திரையில் ஒவ்வொரு மூச்சுக்கும் அலை வருகிறதா என்று பாருங்கள். அலை இல்லை என்றால், வேறு விதமாக நிரூபணமாகும் வரை ட்யூப் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். போட்டவர் யாராக இருந்தாலும் அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

மேலிருந்து எந்த வழியும் இல்லை, மாஸ்காலும் காற்று போகவில்லை என்றால் கழுத்தில் வழி திறக்க வேண்டும். சங்கைத் தடவி விரலைக் கீழே இறக்கினால் ஒரு சிறு பள்ளம், அதற்கும் கீழே ஒரு கெட்டியான வளையம். அந்தப் பள்ளத்தில் இருப்பதுதான் கிரிகோதைராய்டு சவ்வு. தோலில் நெடுக்காக ஒரு வெட்டு, சவ்வில் குறுக்காக ஒரு துளை, அதில் வழிகாட்டிக் குச்சி, அதன் மேல் 6 அளவு ட்யூப் என்பது இன்று பெரும்பாலும் கற்பிக்கப்படும் வரிசை. பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும், சிறு குழந்தைகளுக்கு இது பொருந்தாது. புதியவர் இப்போதே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு: உங்கள் கழுத்திலும் நண்பர்கள் கழுத்திலும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பள்ளத்தைத் தேடுங்கள். பெண்களிடமும் கழுத்து பருத்தவர்களிடமும் அது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் புரியும். கழுத்தில் வழி திறக்கும் முடிவு தாமதமாக எடுக்கப்படுவதால்தான் ஆட்கள் இறக்கிறார்கள்.

தீக்காயமும் கழுத்து வீக்கமும்

மூடிய அறைத் தீயிலிருந்து வந்தவர் இப்போது நன்றாகப் பேசுகிறார் என்பதில் நிம்மதி அடையாதீர்கள். மூக்கு முடி கருகியிருக்கிறதா, சளியில் கரி இருக்கிறதா, குரல் கரகரக்கிறதா? வீக்கம் மணிக்கணக்கில் கூடிக்கொண்டே போகும், பிறகு ட்யூப் நுழையவே இடமிருக்காது. சீக்கிரம் அனுப்புங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். கழுத்தில் காயம் பட்டு வீக்கம் பெரிதாகிக்கொண்டே வருபவருக்கும் இதே அவசரம். பேனாவால் வீக்கத்தின் விளிம்பைத் தோலில் கோடு போட்டு நேரம் எழுதி வைத்தால், பெரிதாகிறதா இல்லையா என்று யாரும் வாதாட வேண்டியதில்லை.

ஒவ்வொரு அசைவுக்குப் பின்னும்

ஸ்ட்ரெச்சரில் ஏற்றினீர்களா, மறுபடி பாருங்கள். வண்டியில் ஏற்றினீர்களா, மறுபடி. ட்யூப் நழுவுவது, மாஸ்க் விலகுவது, ஆக்சிஜன் குழாய் சக்கரத்தில் சிக்கிப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் இந்த நகர்த்தலில்தான். ஹெலிகாப்டரிலும் ஓடும் வண்டியிலும் ஸ்டெதாஸ்கோப் கேட்காது, மார்பின் மேல் கையை வைத்து எழும்புகிறதா என்று உணருங்கள்.

ஒப்படைக்கும்போது ஐந்தே விஷயம் சொல்லுங்கள்: முதலில் பார்த்தபோது மூச்சு எப்படி இருந்தது, என்ன செய்தீர்கள், எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு முன்னேற்றமா சரிவா, என்ன முயன்று முடியாமல் போனது. கடைசியாகச் சொன்னதைப் பலர் வெட்கத்தில் விட்டுவிடுகிறார்கள். அடுத்து ட்யூப் போடப்போகிறவருக்கு அந்தத் தகவல்தான் முதலில் வேண்டும்.